நான்காம் படுக்கையின் நீலக் கப்பல்

முதல் நாளே அக்கா எனக்கு உத்தரவு போட்டார்.

"சிஸ்டர், ஊசியை இடது கையிலயே போடுங்க. வலது கைக்கு வேலை இருக்கு."

புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நான் அப்போது டெக்னீஷியன். எட்டுப் படுக்கை, எட்டு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பார்கள். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மெஷினில் சுத்தமாகித் திரும்பி வரும். அந்த நான்கு மணி நேரத்தில் சிலர் தூங்குவார்கள், சிலர் போன் பார்ப்பார்கள், சிலர் கூரையைப் பார்ப்பார்கள். கூரையைப் பார்ப்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தார். பட்டா மாற்றத்துக்கு மனு, சாதிச் சான்றிதழுக்கு மனு, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை அடைத்துவிட்டான் என்று மனு என எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் தட்டிக் கொடுப்பார். திங்கள், புதன், வெள்ளி காலை பதினொரு மணிக்குக் கடையை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு எங்களிடம் வருவார். நான்காம் படுக்கை அவருடையது.

ஊசியைப் போட்டு மெஷினை ஓடவிட்டதும், கூடவே கொண்டுவந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு தட்டையான அட்டைப் பெட்டியை எடுத்தார். மூடியின் ஓரமெல்லாம் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. மேலே ஒரு பாய்மரக் கப்பல். அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு, நெற்றியில் ஒரே ஒரு கண்ணோடு ஒரு ராட்சதன்.

"இது என்னக்கா?"

"கிரேக்க நாட்டுப் புராணம் சிஸ்டர். நம்ம ஊர்ல பரமபதம் ஆடற மாதிரி அவங்க ஊர்ல இதை ஆடிருக்காங்க. உங்களுக்கு வேலை இல்லாத நேரம் வந்து உக்காருங்க, சொல்லித் தரேன்."

கடையில் வீணாகும் தாள்களைப் போடுவதற்காகப் பாலக்கரையில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனபோது, எடைக்கு வந்த குப்பையில் இது கிடந்ததாம். பெட்டியில் அச்சடித்திருந்த வருஷம் நான் பிறப்பதற்கு முந்தையது. உள்ளே மடிக்கிற பலகை. பலகை முழுக்க நீலக் கடல், அதில் ஏழு தீவுகள், ஒவ்வொரு தீவிலும் ஒரு காவல் மிருகம். ஆடுகிறவருக்கு ஒரு கப்பல், அதில் ஒரு வீரன். தீவு தீவாகப் போய், காவல் காப்பதை ஜெயித்து, ஏழு சீட்டையும் வாங்கிக்கொண்டு யார் முதலில் சொந்தத் துறைமுகத்துக்குத் திரும்புகிறாரோ அவருக்கு வெற்றி. நடுவில் சாமிகள் வருவார்கள். கடல்சாமி கோபித்துக்கொண்டால் கப்பல் பின்னால் போகும், இடிசாமி சந்தோஷப்பட்டால் இரட்டை ஆட்டம்.

விதிப் புத்தகம் முழுவதும் ஆங்கிலம். அக்கா படித்தது பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் ஹையரும். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் டைப் செய்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தார். மிருகங்களுக்கெல்லாம் பேர் வைத்திருந்தார். ஒத்தக்கண்ணன், காளைத்தலையன், பாம்புமுடிக்காரி. இரண்டு பகடையில் ஒன்று தொலைந்துபோய், பதிலுக்கு ஒரு லூடோ பகடை. அவற்றை உருட்ட எங்களிடம் ஒரு எவர்சில்வர் டிரே வாங்கிக்கொண்டார். சிறுநீரக வடிவத்தில் இருப்பதால் எங்கள் பாஷையில் அதற்குக் கிட்னி டிரே என்று பெயர்.

"என்கிட்ட இருக்கற ஒரே நல்ல கிட்னி இதான்" என்பார்.

பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அவரோடு ஆடுவது வேடிக்கை இல்லை. அக்கா விட்டுக்கொடுக்க மாட்டார். ஆறாம் படுக்கையில் ஒரு ஆட்டோ டிரைவர் இருந்தார். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு, "ஏன்க்கா, ஒடம்பு சரியில்லாதவன்கிட்ட ஒரு தரம் விட்டுத் தரக் கூடாதா?" என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் ஒடம்பு நல்லா இருக்கா தம்பி?" என்று அக்கா பதில் சொன்னார். டிரைவர் அதோடு ஆடுவதை நிறுத்திவிட்டார். அக்கா அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

விட்டுக்கொடுப்பதில்லை என்பது தனக்கும்தான். டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. கூடக் குடித்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். எடை மெஷினில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்கள், முந்தின இரவு ஒன்றுமே குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். அக்கா ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். "நேத்து வெயில் தாங்கல சிஸ்டர். ரெண்டு டம்ளர் கூடப் போச்சு. மெஷின்ல அதுக்குத் தக்கன வெச்சுக்கங்க."

ஒருநாள் அவருக்குப் பிரஷர் மளமளவென்று இறங்கிவிட்டது. நாங்கள் கால் பக்கத்தை உயர்த்தி, சலைன் ஏற்றினோம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே, "என் முறை. எனக்காக நீங்க போடுங்க சிஸ்டர்" என்றார். போட்டேன். ஒன்றும் இரண்டும் விழுந்தன. மூன்று வைத்தால் கப்பல் நேராகப் பாம்புமுடிக்காரியிடம் போய் நிற்கும். முகம் வெளிறிக் கிடந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எட்டுக்கா" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "டிரேயைக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். வேறு வழி இல்லை.

"இனிமே நான் மயங்கிக் கெடந்தாலும் விழுந்ததைத்தான் சொல்லணும். இரக்கம் வந்தா ஊசியை வலிக்காம போடுங்க. அது போதும்."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

டிரைவர் ஒதுங்கிய பிறகு அக்காவுக்கு அமைந்த ஆள் வரதன் மாமா. ஸ்ரீரங்கத்துக்காரர், எழுபது தாண்டியவர். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து ஊர் ஊராகத் தபால் பிரிக்கிற வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் படுக்கை. முதல் இரண்டு வாரம் அவர் கூரையைப் பார்க்கிறவராகத்தான் இருந்தார். மூன்றாவது வாரம் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார்.

"இந்தத் தீவுக்கெல்லாம் பின்கோடு உண்டோ?"

"இல்லீங்க சார்."

"அப்போ தபால் எப்படிப் போய்ச் சேரும்? அதான் எல்லாரும் தவிச்சுண்டு அலையறா."

அப்படி ஆரம்பித்தது. பாம்புமுடிக்காரியைக் காட்டியதும் மாமா சிரித்துவிட்டார். "பரமபதத்துல பாம்பு கடிச்சாக் கீழ வந்துட்டு மறுபடி ஏறலாம். இவளுக்குக் கூந்தலே பாம்பு. தலை வாரி விடறவா பாடு என்ன?"

ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பேருக்கும் ஊசி இடது கையில். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்தால், ஒருவருடைய ஊசிக் கை பலகைப் பக்கம் வந்துவிடும். ஐந்தாம் படுக்கையைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்றார் அக்கா. நிர்வாகத்தில் முடியாது என்றார்கள். அடுத்த தடவை அக்கா ஒரு மனுவோடு வந்தார். ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நோயாளிகள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்று தொடங்கி, மெஷின் எந்தப் பக்கம், குழாயின் நீளம் எவ்வளவு, படுக்கையைத் திருப்பினால் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்து, படம் போட்டு, எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். பதில் வராததால் நினைவூட்டல் மனு ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது மனுவுக்கு மேனேஜரே வந்து நின்று படுக்கையைத் திருப்பிப் போடச் சொன்னார். மாமா அன்றைக்குத் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, "முப்பத்தஞ்சு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பண்ணேன். ஒரு மனுவுக்குப் பலன் கெடச்சு இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

சாப்பாட்டு மேஜையை இரண்டு படுக்கைக்கும் நடுவில் தள்ளிவைத்து ஆடுவார்கள். ஒரு ஆட்டம் முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். கடைசி மணி நேரத்தில் இருவருக்கும் சோர்வு வந்துவிடும். அப்போது கப்பல்கள் நின்ற இடத்திலேயே எங்கள் பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டிவிட்டு, பலகையை அப்படியே துணி போட்டு மூடி அக்கா எடுத்துப் போவார். அக்காவுக்கு நீலக் கப்பல், மாமாவுக்குச் சிவப்பு.

விதிப் புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்திருந்தது. புயல் சீட்டு வந்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். புயல் வந்தால் ஒரு முறை ஆடாமல் இருக்கலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடையில் கம்ப்யூட்டரில் தேடித் தேடி, இதே ஆட்டத்தை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரரைக் கண்டுபிடித்து, மனு எழுதுகிற தோரணையிலேயே ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அந்த மனுஷர் தாளைப் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். புயல் வந்தால் கையில் இருக்கும் சீட்டில் பாதியைக் கடலில் போட வேண்டும் என்று அதில் இருந்தது.

முந்தின தடவைதான் அக்காவுக்குப் புயல் வந்திருந்தது. கையில் ஆறு சீட்டு. மூன்றை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"அடுத்த ஆட்டத்துலேர்ந்து வெச்சுக்கலாமே" என்றார் மாமா. "அன்னிக்கு நமக்குத் தெரியாதே."

"அன்னிக்கும் இதான் சார் ரூல். நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

அந்த ஆட்டத்தில் அக்கா தோற்றார். ஒவ்வொரு முறையும் விழுந்ததைக் குறித்து வைக்கிற நோட்டில் தோற்றதையும் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் ஆடியில் மாமாவின் மனைவி காலமானார். பத்து நாள் காரியத்துக்கு நடுவிலும் மகன் கண்ணன் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டி வந்தார். அதன் பிறகு மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆடுவார், ஆனால் கிண்டல் இல்லை. நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. போன் செய்தேன். கண்ணன் குரல் உடைந்திருந்தது. "அப்பா இனிமே வரமாட்டேங்கறார் சிஸ்டர். போதும்ங்கறார். டாக்டர் சொல்லியாச்சு, நாங்க அழுது பாத்தாச்சு. கேக்க மாட்டேங்கறார்."

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் பிரிவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.

அக்கா கேட்டுக்கொண்டார். "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? கூட வாங்க சிஸ்டர். பிரஷர் பாக்கற மெஷினை எடுத்துக்கங்க."

வியாழக்கிழமை காலை சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். அக்கா பலகையைத் தாம்பாளம் போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். கூட்டம் நெரித்தது. கண்டக்டர், "பலகையைச் சாய்ச்சுப் புடிம்மா, எடம் இல்லை" என்றார்.

"சாய்ச்சா கப்பல் கவுந்துரும்ங்க."

கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, முன் சீட்டில் இருந்த ஒரு இளைஞனை எழுப்பி அக்காவை உட்கார வைத்தார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது அக்கா ஒரு தரம்கூட வெளியே பார்க்கவில்லை. கண் பலகையிலேயே இருந்தது.

மாமாவின் வீடு சித்திரை வீதியில். மருமகள் கதவைத் திறந்தார். உள் அறையில் மாமா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மெஷின் இல்லாத ஆறு நாளில் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"வாங்கோ. இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேள்?"

அக்கா பலகையைக் கட்டில் ஓரத்தில் வைத்துத் துணியை எடுத்தார். "உங்க முறை சார்."

மாமா பலகையைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் தோத்ததா எழுதிக்கோங்கோம்மா. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அப்படி ஜெயிச்சு எனக்குப் பழக்கம் இல்லைங்க."

"புள்ளை வாரத்துக்கு மூணு நாள் அரை நாள் லீவு போடறான். மாட்டுப்பொண் ஆபீஸும் போயிண்டு எனக்குன்னு உப்பில்லாத தளிகையும் தனியாப் பண்றா. எனக்குத் தீர்த்தம்கூட அளந்துதான். யாருக்காக இதெல்லாம்? அவளும் போயாச்சு. பெருமாள் கூப்பிடறார், நான் போறேன்."

வாசல்படியில் நின்றிருந்த மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கை பெரியது, தைரியமாக இருங்கள் என்று ஏதாவது சொல்வார் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை.

"நிறுத்தறதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம் சார். அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கே எத்தனையோ நாள் தோணிருக்கு. ஆனா இந்த ஆட்டம் ரெண்டு பேரு சேந்து ஆரம்பிச்சது. நீங்க நாலு தீவு முடிச்சிருக்கீங்க, நான் நாலு. நான் பாதியில நிக்கிறேன். இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அதுக்கப்பறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

மாமா என் பக்கம் கையை நீட்டினார். நான் பிரஷர் பார்த்தேன். இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு தடவை வந்தாப் போதும்."

"ஆட்டம் முடிஞ்சா நிறுத்திடுவேன். அப்பறம் யாரும் வந்து அழக் கூடாது."

"வரமாட்டேன்."

அன்று மதியமே அவசரமாக ஒரு ஷிப்டில் இடம் வாங்கி மாமாவுக்கு மெஷின் போட்டோம். மறுநாளிலிருந்து பழையபடி ஐந்தாம் படுக்கைக்கு வந்தார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். மூன்று நாள் ஆட்டம் முடிந்திருந்தது. கண்ணன் அக்காவைக் காரிடாரில் நிறுத்திக் கையைக் கூப்பினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உங்க கால்ல வேணாலும் விழறேன். ஆட்டத்தை இழுங்கோ. தப்புத்தப்பா ஆடுங்கோ. இன்னும் ரெண்டு மாசம் இழுத்தேள்னா அப்பா மனசு மாறிடுவார்."

"ஆமாக்கா, கொஞ்சம் மெதுவா ஆடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அவரு என் வார்த்தையை நம்பித்தானே வந்திருக்காரு? ஓடற ரயில்ல நின்னுக்கிட்டுக் கோடிக் கடுதாசி பிரிச்ச மனுசனுக்கு, நான் இழுக்கறது தெரியாதா தம்பி? தெரிஞ்ச அன்னிக்கு அவருக்கு யாரு மேலயும் நம்பிக்கை இருக்காது. என்னால முடியாதுங்க."

"மனசே கிடையாதாக்கா உங்களுக்கு?" என்று நான் கேட்டே விட்டேன். அக்கா எடை மெஷின் பக்கம் போய்விட்டார்.

அந்த ஆறு நாளும் அக்கா ஆடியதுபோல் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. இரக்கமே இல்லாத ஆட்டம். மாமா காளைத்தலையனிடம் சிக்கிக்கொண்டபோது அவரைத் தாண்டி ஐந்தாவது தீவுக்குப் போனார். கடல்சாமி சீட்டைத் தயங்காமல் மாமா மேல் போட்டார். மாமாவின் முதுகு நிமிர்ந்தது. முழங்கையை ஊன்றிப் பலகையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். நான்காவது நாள், தூங்கிக்கொண்டிருந்த ஆட்டோ டிரைவர்கூட எழுந்து எட்டிப் பார்த்தார். ஆறாவது நாள் இரண்டு கப்பலும் ஏழு சீட்டோடு துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மாமாவுக்கு ஐந்து கட்டம் பாக்கி. நான்கு விழுந்தது. அக்காவுக்கு ஒன்பது பாக்கி. டிரேயில் பகடை உருண்ட சத்தம் நின்றபோது ஆறும் மூன்றும் தெரிந்தன.

நீலக் கப்பல் உள்ளே போயிற்று. சிவப்புக் கப்பல் ஒரு கட்டம் வெளியே நின்றது.

கூட்டிப் போக வந்திருந்த கண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். அக்கா நோட்டை நீட்டினார். மாமா கையெழுத்துப் போட்டார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்! அந்த மூணாவது தீவுல காத்துக்காக நின்னேன் பாருங்கோ, அது என் அசட்டுத்தனம். நிக்காம போயிருக்கணும். இல்லேன்னா நீங்க என்னை ஜெயிக்கறதாவது!"

"ஆமா சார். அங்கதான் விட்டீங்க."

"தெரியும்மா, தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்." மாமாவுக்கு மூச்சு இரைத்தது. கோபத்தில் போர்வையை உதறினார். நான் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெஷினைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை முதல்லேர்ந்து அடுக்கி வையுங்கோ. இந்தத் தடவை நான் தெற்காலேர்ந்து வரேன்."

"சரிங்க சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் ஈரத் துணி கேட்டார். முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"உயிரே போயிருச்சு சிஸ்டர்."

"அப்பறம் ஏன்க்கா..."

"நான் பயந்தா கட்டை வேற மாதிரி விழுமா?" என்றார். துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு மாமா ஒரு வருஷமும் சில மாதங்களும் இருந்தார். எத்தனையோ ஆட்டம் ஆடினார்கள். பாதிக்குப் பாதி மாமாவே ஜெயித்தார். ஜெயித்த அன்றைக்கெல்லாம் எங்கள் எல்லாருக்கும் ரங்கா ரங்கா கோபுரத்துப் பக்கத்துக் கடையிலிருந்து பஜ்ஜி வரும். அவரும் அக்காவும் மட்டும் சாப்பிடக் கூடாது.

அக்காவுக்குச் சில வருஷம் கழித்து மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவருக்கு ஒருநாள் காலை மதுரையிலிருந்து போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினவர் எங்கள் பிரிவுக்குத் திரும்பவில்லை. நல்லபடியாக ஆனவர்கள் எங்களைத் தேடி வருவதில்லை. அது எங்கள் வேலையில் நல்ல செய்தி. நானும் வேலை மாறிவிட்டேன். சத்திரம் பக்கம் போகும்போது பார்ப்பேன். கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை.

அக்காவை நினைத்தால் என் கண் முன்னால் வருவது மாமா போன பிறகான இரண்டு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே மாமாவுக்கு இதயம் நின்றுவிட்டது. திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல வந்தார். ஐந்தாம் படுக்கையில் புதிதாக ஒருவர். அக்கா மேஜையை இழுத்துப் பலகையை வைத்தார். ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

"சிஸ்டர், சாருக்காக நீங்க கட்டை போடுங்க."

"மாமாதான் இல்லையேக்கா."

"அவரோட ஆளு இருக்கானே. அஞ்சு சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு நடுக்கடல்ல நிக்கிறான். அவனை எப்படி விட்டுட்டுப் போறது?"

வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து போட்டேன். மனசுக்குள் வேண்டிக்கொண்டே போட்டேன். விழுந்ததைத்தான் சொன்னேன். சிவப்புக் கப்பலுக்கு அக்கா நல்ல வழியாகவே பார்த்து நகர்த்தினார். தன் கப்பல் மேலேயே இரண்டு முறை கடல்சாமியை ஏவினார். இருந்தும் நீலக் கப்பல்தான் முதலில் திரும்பியது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து கண்ணன் எங்களைப் பார்க்க வந்தார். தலை மழித்திருந்தார். நன்றி சொன்னார். அப்புறம் அக்காவைப் பார்த்து, "அந்தக் கடைசி ஆட்டம் என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டார் என்று சொல்லுங்கள் என்று அவர் பின்னால் நின்று நான் கண்ணைக் காட்டினேன். ஒரு வார்த்தை. அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

"தோத்துட்டாருங்க தம்பி" என்றார் அக்கா. "நல்லா வந்தாரு. ஒரு தீவு பாக்கி நின்னுபோச்சு."

கண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் வந்து போனவர் அந்தப் பலகையை ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"எப்படி வந்தார்னு காட்டறேளா?"

அக்கா சிவப்புக் கப்பலை எடுத்துத் துறைமுகத்தில் வைத்தார். நோட்டைப் பிரித்து, அந்த ஆட்டத்தில் மாமாவுக்கு விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணன் விரலால் கப்பலை நகர்த்தினார். ஒத்தக்கண்ணனைத் தாண்டி, புயலில் பாதியைத் தொலைத்து, மறுபடி சுற்றி, தெற்கு ஓரமாகவே வந்தது கப்பல். ஒரு இடத்தில் அக்கா, "இது வரைக்கும் சார் போட்டது. இதுக்கு மேல சிஸ்டர் போட்டாங்க" என்றார். கண்ணனின் விரல் அங்கே நின்றது. நாலாபுறமும் நீலம்தான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க" என்றார் அக்கா.